நிரம்பாத அவை: கித்தார் இசையும் தோட்டப்புறத் தமிழும்

ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு எழும்போது நம்மவர் முதலில் கேட்கும் வினா, 'கூட்டம் எப்படி?' என்பதாகும். பாட்டு எப்படி இருந்தது என்பது அதன் பின்னரே வரும். சில வேளைகளில் வராமலும் போகும். மண்டபம் நிறைந்தது, மக்கள் திரண்டனர் என்னும் தொடர்களைக் கொண்டே நாளிதழ்ச் செய்திகளும் ஒரு நிகழ்ச்சியின் வெற்றியை உறுதிசெய்கின்றன. திரையிசை மேடைக்கும் கோயில் திருவிழா மேடைக்கும் இவ்வளவுகோல் ஓரளவு பொருந்தலாம். மின்கித்தாரும் முரசுத் தொகுதியும் கொண்டு, தாமே இயற்றிய பாடல்களை நாலைந்து இளைஞர் ஒரு சிறிய அறையில் இசைக்கும் ராக் நிகழ்ச்சிக்கு இது பொருந்துமா என்பது இக்கட்டுரை எழுப்பும் வினா. அவ்வினாவைக் கோலாலம்பூரில் நின்று கேட்பது எளிது. பகாவ் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில் நின்று கேட்கும்போது வேறொரு வினாவும் உடன் எழுகிறது. அங்கே கூடுவதற்கு யார் இருக்கிறார்கள்? அவர்கள் முன் இசைக்கப்படும் பாடல் எம்மொழியில் அமையும்?

கூட்டம் குறைந்த ராக் நிகழ்ச்சிகளுள் உலகறிந்தவை இரண்டு. 1961 டிசம்பர் 9ஆம் நாள் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் நகரில் பீட்டில்ஸ் குழுவினர் இசைத்தபோது வந்திருந்தோர் 18 பேர். உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு அனுப்பிய விளம்பரம் வெளிவராமற் போனதே அதற்குக் காரணம். 1976 ஜூன் 4ஆம் நாள் மான்செஸ்டர் நகரின் சிறிய மண்டபம் ஒன்றில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு இசைத்தபோது வந்தோர் ஏறத்தாழ 40 பேர். ஆல்டர்ஷாட் நிகழ்ச்சி ஒரு வேடிக்கைச் செய்தியாக நின்றுவிட்டது. மான்செஸ்டர் நிகழ்ச்சி அவ்வாறன்று. அன்றைய அவையில் இருந்தவர்கள் பின்னர் ஜாய் டிவிஷன், தி ஃபால், தி ஸ்மித்ஸ் ஆகிய குழுக்களில் இசைத்தனர். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த இருவரோ பஸ்காக்ஸ் குழுவை நிறுவியவர்கள். நாற்பது பேர் அமர்ந்த அவையில் ஒரு தலைமுறையின் இசைக்கலைஞர் பலர் இருந்தனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்விரு நிகழ்ச்சிகளும் நினைவுகூரப்படுவதற்குக் காரணம் இசைத்தவரும் கேட்டவரும் பின்னாளில் பெற்ற புகழாகும். பின்னாளில் புகழ் பெறாதோர் இசைத்து வெறுமையாய்க் கலைந்த அவைகளைக் கணக்கெடுத்தவர் எவருமில்லை. எனவே, 'பீட்டில்ஸுக்கும் பதினெட்டுப் பேர்தாம் வந்தனர்' என்று கூறி ஒவ்வொரு வெற்று மண்டபத்திற்கும் ஆறுதல் தேடுவது திறனாய்வு ஆகாது. சிறு அவை தன்னளவில் சிறப்புடையது என்பதும், பேரவை தன்னளவில் சிறப்புடையது என்பதைப் போன்றே ஆராயப்படாத கூற்றாகும்.

அவையைப் பற்றித் தமிழ் மரபு கொண்டிருந்த எண்ணம் இவ்விடத்தில் நமக்குப் பயன்படும். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. இருபது குறட்பாக்களிலும் அவையின் தன்மை பேசப்படுகிறதேயன்றி எண்ணிக்கை பேசப்படவில்லை. தம் இனத்தவர் அல்லாதாரின் அவையில் சொல்லப்பட்டது, தூய்மையற்ற முற்றத்தில் சிந்திய அமிழ்துக்கு ஒப்பிடப்படுகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அரங்கின் அகலம், நீளம், உயரம் ஆகியவற்றைக் கோல் கணக்கில் வகுத்துரைக்கிறது; திரைகளையும் விளக்கொளியையும் தூண்களின் நிழல் விழும் முறையையுங்கூடக் கருதுகிறது. ஆயின் அவையில் எத்தனை பேர் இருத்தல் வேண்டும் என்று அக்காதை கூறவில்லை. மாதவிக்குத் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் கிடைப்பது ஒரே ஒருவனாகிய அரசனின் மதிப்பீட்டால்தான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுக்கும் இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நூலின் கருத்தொன்றை எடுத்துக்காட்டுகிறார்: நிகழ்த்துவோனிடம் உண்டாகிய உணர்வு காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு. சென்றடைதல் என்னும் அச்செயலே நமக்குரிய அளவுகோல். அது பதினெட்டுப் பேரிடத்தும் நிகழலாம். பதினெட்டாயிரம் பேரிடத்து நிகழாமலும் போகலாம்.

மான்செஸ்டர் அவையை விளக்குதற்கு இன்னும் அணுக்கமான ஒரு மரபு நம்மிடம் உண்டு. ஆற்றுப்படை நூல்களில் பேசுவோனும் கேட்போனும் ஒரே தொழிலினர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துகிறான். பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் நாம் காணும் பொருநன், பேரூரில் விழா முடிந்த மறுநாள், அங்குக் கிடைக்கும் சோற்றை விரும்பாது வேறிடம் நோக்கிப் புறப்பட்டவன். விழாக் கூட்டம் கலைந்த பின்னரே அவன் பயணம் தொடங்குகிறது. சிற்றறை ராக் நிகழ்ச்சியின் அவையும் பெரும்பாலும் இத்தகையதே. வந்திருப்போருள் பாதிப்பேர் தாமும் ஒரு குழு வைத்திருப்போர், அல்லது வைக்க எண்ணுவோர். அவர்கள் பாடலை மட்டும் கேட்பதில்லை. ஒலிபெருக்கி எங்கே வாடகைக்குக் கிடைக்கும், எந்த மண்டபக்காரர் இரவு பதினொரு மணிக்குப் பிறகும் பொறுத்துக்கொள்வார் என்பவற்றையும் கேட்டறிந்து செல்கின்றனர். இதனை ஆற்றுப்படை அவை என்று குறிப்பிடலாம். அதனை எண்ணிக்கையால் அளப்பது, சந்தையில் விலை கேட்பது போல் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் விலை கேட்பதற்கு ஒப்பாகும்.

இனிப் பகாவுக்கு வருவோம். நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்தில், கிம்மாஸிலிருந்து கிளந்தான் நோக்கிச் செல்லும் கிழக்குக்கரை இரயில் பாதையில் அமைந்த ஊர் இது. கெடிஸ், செயிண்ட் ஹெலியர், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்கள் இவ்வட்டாரத்தில் அமைந்தவை. வரலாற்று நூல்கள் பகாவைப் பெரும்பாலும் ஒரே காரணத்திற்காகவே நினைவுகூரும்: ஜப்பானியர் ஆட்சியில், 1943 இறுதி முதல், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் இங்குக் குடியேற்றப்பட்டுக் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டனர். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருக்கு அத்தகைய எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. தம்மைப் பற்றிக் குறித்து வைக்கும் வாய்ப்புப் பெற்ற மக்களின் துயரம் நூலாகிறது. மற்றையோரின் துயரம் பாட்டாகவாவது நிற்கவேண்டும்.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் அவைக்குப் பஞ்சமில்லை. அங்குக் கூட்டம் சேர்க்கவேண்டிய தேவையே எழவில்லை. மக்கள் ஏற்கெனவே அங்கு இருந்தனர். லயத்து வீடுகளிலிருந்து கோயில் திடலுக்கு நடக்கும் தொலைவுதான். விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டியவர், கிராணி வீட்டார், ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள், பாய் விரித்து முன்வரிசையில் அமரும் பெண்கள் எனத் தோட்டம் முழுவதும் ஒரே அவையாயிற்று. நுழைவுச் சீட்டு கிடையாது, கதவும் கிடையாது. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினாலும், திருவிழாவின் இறுதி நாளில் பாட்டுக் கச்சேரி வைத்தாலும் வந்தவர் அவர்களே. இவ்வவை இசையைத் தேர்ந்து வந்த அவை அன்று. ஓரிடத்தில் வாழ்ந்தமையால் அமைந்த அவை. இவ்வேறுபாட்டை மறந்து, அக்காலத் தோட்டத்து மக்கள் கலையார்வம் மிக்கவர், இக்காலத்தவர் அங்ஙனம் இல்லை என்று கூறுவோர் பலர். நமக்கு அக்கருத்து உடன்பாடன்று.

தோட்டத் துண்டாடல் 1950களில் தொடங்கிற்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதும் அதன் விளைவே. அதன்பின் இரப்பர் செம்பனையாகியது. செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. அவ்விடங்களையும் நாளடைவில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிரப்பினர். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்கும் சிரம்பானுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்தன. கோயில் சில இடங்களில் நின்றது. பள்ளி சில இடங்களில் நின்றது. நடந்து வரும் தொலைவில் இருந்த அவை நிற்கவில்லை. இன்று பகாவின் ஒரு பொது மண்டபத்தில் தமிழ் இளைஞர் சிலர் கித்தாருடன் மேடையேறினால் அங்குக் காணக்கூடிய வெற்றிருக்கைகளை அவ்விளைஞரின் திறமைக் குறைவாகக் கொள்வதற்கு முன், இப்பெயர்ச்சியைக் கணக்கில் கொள்ளவேண்டும். வராதவருள் பலர் வரமறுத்தவர் அல்லர், அவ்வூரிலேயே இல்லாதவர்.

எனினும் இது பாதிக் காரணமே. மீதிக் காரணம் மேடையில் இருக்கிறது.

மின்கித்தார் தோட்டப்புறத்திற்குப் புதியதன்று. முதற்கித்தார், அடிநாதக் கித்தார், முரசுத் தொகுதி, விசைப்பலகை என ராக் இசைக்கு வேண்டிய கருவிகள் யாவும் மெல்லிசைக் குழுக்களின் வழியாகத் தோட்டத்து மேடைக்கு எப்பொழுதோ வந்துவிட்டன. ஆனால் வந்தவை திரைப்பாடலுக்கு ஏவல் செய்யும் கருவிகளாகவே வந்தன. இசைத்தட்டில் கேட்டதற்கு எத்துணை அணுக்கமாக இசைக்கிறார் என்பதே கித்தார்க் கலைஞருக்கு இட்ட தேர்வு. அத்தேர்வில் வியத்தகு திறமையுடன் தேறியவர் பலர் உண்டு. அவர்தம் பெயர்கள் மேடையில் ஒருமுறை அறிவிக்கப்பட்டதோடு சரி. மக்கள் கூடியது தாம் முன்பே அறிந்த பாடலை மீண்டும் கேட்பதற்காகும். இது இழிவன்று, அறிந்த பாட்டை ஊரோடு சேர்ந்து கேட்பதில் உள்ள இன்பம் பழமையானது. ஆனால் ராக் குழு கேட்பது வேறொன்று. இதுவரை நீங்கள் கேட்டிராத பாட்டு இது, நாங்களே எழுதியது, கேளுங்கள் என்று அது கூறுகிறது. அவ்வாறு கேட்பதற்கு நம் மேடை நம் மக்களைப் பழக்கவில்லை. கருவி வந்தது, கருவிக்குரிய உரிமை வரவில்லை.

இதன் விளைவை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் இசை வரலாற்றில் தெளிவாகக் காணலாம். பினாங்கில் 1960களின் இறுதியில் உருவான ஆலிகேட்ஸ் குழுவின் முகமாக விளங்கியோர் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். அவர்களை நாடறியச் செய்தவை மலாய்ப் பாடல்கள். லோகநாதன் 2007இல் மறைந்தபோது இன வேறுபாடின்றி மலேசியர் வருந்தினர்; அது அக்குழு ஈட்டிய பேறு. 1980களில் மலாய் இளைஞரிடையே சர்ச், விங்ஸ் முதலிய ராக் குழுக்கள் பெருகின. 1992இல் அவற்றின் பாடகர் நீண்ட தலைமுடியை வெட்டிக்கொண்ட பின்னரே அரசுத் தொலைக்காட்சியில் இடம் பெற முடிந்தது என்பது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். முடியின் நீளம் பற்றி ஓர் அமைச்சகம் கவலைப்படுமளவுக்கு அவ்விசை மலாய் மொழியில் வேரூன்றியிருந்தது. அதே பத்தாண்டுகளில் தமிழில் அத்தகைய கவலைக்கு இடமே எழவில்லை. 1990களில் போயட்டிக் அம்மோ குழு தோன்றியபோது அதன் முதன்மை மொழி ஆங்கிலமாயிற்று. கை தமிழருடையது, நா வேறு மொழியினது.

இவ்வரிசையில் நம் ஆழ்ந்த கவனத்திற்கு உரியது சிங்கப்பூரின் ருத்ரா குழு. 1992இல் தோன்றிய இக்குழு, மெட்டல் எனப்படும் வன்ராக் வகையுள்ளும் கடுமையானதைத் தேர்ந்தது. கதிரசனின் அடித்தொண்டைக் குரல், சிவாவின் இரட்டை மிதிமுரசு, தாழ்த்திக் கட்டிய கித்தார் நரம்புகள் ஆகியவற்றோடு வேத ஓதல் முறையையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் இணைத்தமையால் இவர்தம் இசை 'வேத மெட்டல்' எனப் பெயர் பெற்றது. 1998இல் குழுவின் பெயரையே தாங்கிய முதல் இசைத்தொகுப்பும், 2001இல் 'தி ஆர்யன் குருசேட்', 2003இல் 'குருக்ஷேத்ரா', 2005இலிருந்து 'பிரம்மவித்யா' வரிசையும் வெளிவந்தன. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் இசையாய்வாளர் யூஜின் தைரியநாதன் 2009இல் இக்குழுவைப் பற்றி ஆங்கில ஆய்விதழொன்றில் விரிவாக எழுதினார். தமிழாய்வு இதழ்களில் அதற்கு இணையான கவனம் எழாமை கருதத்தக்கது.

ருத்ராவின் இசை அலங்காரத்திற்காகக் கீழைத்தேயப் பூச்சுப் பூசிய இசையன்று. 'குருக்ஷேத்ரா'வில் கீதையின் உள்ளடக்கம் போர்க்களத்துப் பேரொலியோடு பொருந்திவருகிறது. தத்துவ விசாரத்துக்கு இத்துணை உரத்த குரல் எதற்கு என்னும் ஐயத்திற்கு, அர்ச்சுனனின் கலக்கம் மென்குரலில் எழுந்திருக்க இயலாது என்பதை அவ்விசையே விடையாகத் தருகிறது. ஓதலின் ஒரே சீரான ஏற்ற இறக்கம் கித்தாரின் திரும்பத் திரும்ப வரும் இசைத்தொடரோடு இயைவது இக்குழுவின் உண்மையான கண்டுபிடிப்பு. இவ்வகை இசை எங்குமே பெருந்திரளை நாடுவதன்று. சிற்றறையும் சிறு அவையுமே அதன் இயல்பான இருப்பிடம். முப்பதாண்டுகளைக் கடந்தும் இக்குழு தளராது நின்றமையை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் ஒரு தமிழ் ஆய்வாளர் கேட்காமல் இருக்க இயலாத வினா உண்டு. தமிழ்ப் பெயர் தாங்கிய இளைஞர்கள் ஏன் ஆங்கிலத்தையும் சமஸ்கிருதத்தையும் கொண்டு தமிழை விட்டனர்? 'ஆர்யன்' என்னும் சொல்லைத் தலைப்பில் வைத்தமை, திராவிட இயக்கத்தின் செல்வாக்குப் படிந்த நம் மலேசியத் தமிழர் பலருக்கு உறுத்தலாகவே இருக்கும். மேன்மையுடையது என்னும் வேதாந்தப் பொருளில் அச்சொல் ஆளப்பட்டிருக்கலாம். ஆனால் சொல்லின் பொருளைச் சொல்பவர் மட்டும் முடிவு செய்வதில்லை. சமஸ்கிருதத் தேர்வுக்கு வேறொரு காரணத்தையும் நாம் ஊகிக்கலாம். தமிழ் இவர்கட்கு வீட்டில் பேசும் மொழி, பள்ளியில் தேர்வெழுதும் மொழி, திரைப்பாடல் மொழி. கோயிலில் பொருள் விளங்காது ஒலிக்கும் மொழிக்கே அச்சமும் பெருமையும் உரியன என்னும் உணர்வு சிறுவயதிலேயே அமைந்துவிடுகிறது. அடித்தொண்டைக் குரலில் பாடும்போது சொற்கள் எவ்வாறாயினும் தெளிவாகக் கேட்கப் போவதில்லை. அந்நிலையில் மொழியின் பொருளைவிட மொழியின் நிழலே வேலை செய்கிறது.

அந்நிழல் தமிழுக்கு இல்லையா என்னும் வினா நம் போன்ற ஆசிரியர்களை நோக்கியது. காரைக்காலம்மையாரின் மூத்த திருப்பதிகம் திருவாலங்காட்டுச் சுடுகாட்டை நம் கண்முன் நிறுத்துவது. அங்குப் பேய்மகள் வற்றிய உடலோடு அலைகிறாள், பிணம் எரிகிறது, நரி உலவுகிறது, அவற்றின் நடுவே இறைவன் ஆடுகிறான். இசையின் சுரப்பெயர்களும் தோற்கருவிகளும் அப்பதிகத்துள்ளேயே வரிசையாக எண்ணப்படுகின்றன. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. ஈரடித் தாழிசைகள் பொருளுக்கேற்பச் சந்தம் மாறி விரைகின்றன. மெட்டல் இசை உலகெங்கும் நாடும் பொருள்களாகிய சாவு, போர், பேய், அவற்றைக் கடந்த ஒன்று ஆகிய யாவும் தமிழில் ஆயிரம் ஆண்டுகளாக உள்ளன. அதுவும் தாளத்தோடு உள்ளன. ஆனால் பரணியை நாம் வகுப்பறையில் எவ்வாறு கற்பிக்கிறோம்? ஆசிரியர் பெயர், பாட்டுடைத் தலைவன், ஆயிரம் யானை கொன்றவன் மீது பாடப்படுவது என்னும் இலக்கணம், ஐந்து மதிப்பெண். மாணவர் அதனை வாய்விட்டு ஒருமுறையேனும் சந்தத்தோடு படித்தறியாமல் படிவம் ஆறைக் கடந்துவிடுகின்றனர். அத்தகைய மாணவர் ஒருவர் கித்தார் எடுத்தால் அவர் கைக்குப் பரணி எட்டாமற் போனதில் வியப்பில்லை.

தோட்டப்புறத்திற்கு மற்றொரு வளமும் உண்டு. வன்ராக் பாடகரின் குரலை உறுமல் என்றே தமிழில் சொல்லத் தோன்றும். அவ்வினையினின்றே பெயர் பெற்ற கருவியொன்று தைப்பூசக் காவடியோடும் மாரியம்மன் திருவிழாவோடும் இந்நாடெங்கும் ஒலித்துவருகிறது. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த அடியொலி மின்பெருக்கி இல்லாமலேயே மார்பில் அதிர்கிறது. இளைஞர் கூட்டமாகச் சேர்ந்து, தம் கையால், தம் செலவில், ஊரறிய இசைக்கும் இசை மலேசியத் தமிழரிடையே எது எனக் கேட்பின் அது உறுமி மேளமே. ராக் குழு பிற நாடுகளில் செய்யும் சமூகப் பணியை, அதாவது வேலையற்ற மாலைப்பொழுதுக்கு ஒரு குழுவும் பெயரும் பெருமிதமும் தருவதை, இங்கே உறுமிக் குழு செய்துவிட்டது. ஆதலின் தோட்டத்து இளைஞருக்கு ஒலியின் பசி இல்லை என்று எவரும் கூறவியலாது. பேரொலி அவர்களிடம் உண்டு. அவ்வொலியின் மேல் ஏறி நிற்கும் சொந்தச் சொல்லே தேவை.

சொந்தச் சொல் வந்தது வேறு வழியாக. யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு மலேசியத் தமிழ்ச் சொல்லிசையைத் தமிழகம் வரை கொண்டுசேர்த்தது. அதன் புகழ்பெற்ற பாடல் இளையராஜாவின் பழைய திரைப்பாடலொன்றின் மேல் எழுப்பப்பட்டதாகும். ஆக, அறிந்ததைக் கேட்கும் அவையின் பழக்கத்தையும் அது பயன்படுத்திக்கொண்டது. சொல்லிசைக்கு ஒலிவாங்கி ஒன்றும் பதிவுசெய்த தாளமும் போதும். முரசுத் தொகுதியை வண்டியில் ஏற்றிப் பகாவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. அதனினும் முக்கியமானது, சொல்லிசை பேச்சை நம்புகிறது. மலேசியத் தமிழனின் பேச்சு வேகம், மலாயும் ஆங்கிலமும் இடையிடும் அவன் சொல்வழக்கு ஆகியவை குறையெனக் கருதப்படாமல் பாட்டாகின. மொழித்தூய்மை வேண்டுவோர் முகம் சுளித்தனர். நாமும் தூய்மையைப் போற்றுபவரே. எனினும் மேடையேறாத தூய தமிழைவிட மேடையேறிய பேச்சுத் தமிழ் மொழிக்குச் செய்யும் பணி பெரிது எனக் கருதுகிறோம்.

கித்தாரும் பேச்சுத் தமிழும் சேர்ந்தால் அவை பிறக்கும் என்பதற்கு இலங்கை முன்னரே சான்று தந்துள்ளது. 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியபோது அதன் மொழி யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி. தாளம் பைலாவின் தாளம். ஏ. ஈ. மனோகரனும் பிறரும் தொடர்ந்து வந்தனர். திரைப்படம் இல்லாமலேயே ஒரு தமிழ்ப் பொப்பிசை அங்கு வேரூன்றிற்று. அண்மையில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 2018 ஜனவரி 6ஆம் நாள் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராக்கையும் சொல்லிசையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அக்குழுவைச் சேர்ந்த அறிவு, தீயுடன் பாடி 2021இல் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' நமக்கு இன்னும் அணுக்கமானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமற்றவராய்த் திரும்பிய பாட்டியின் நினைவு அப்பாடலின் கருவாகும். தேயிலைத் தோட்டத்தின் நினைவு உலகெங்கும் கேட்கப்பட்டுவிட்டது. பால்மரக்காட்டின் நினைவு, இரப்பர் செம்பனையான நினைவு, லயம் காலியான நினைவு ஆகியவற்றுக்கு அத்தகைய பாட்டு அமைய வேண்டியிருக்கிறது. சிறுகதையாகவும் நாவலாகவும் அவற்றை நம் எழுத்தாளர்கள் பலமுறை எழுதிவிட்டனர் என்பதை நாம் அறிவோம். ஆனால் நாவலைப் படிக்காத இளைஞனும் கித்தார் ஒலியைக் கேட்கிறான்.

ஆதலின் பகாவில் அல்லது பத்து கீக்கிரில் முப்பது பேர் முன்னிலையில் நிகழும் ஒரு தமிழ் ராக் நிகழ்ச்சியைத் திறனாய்பவர் எவற்றைக் குறித்துவைக்க வேண்டும்? எத்தனை இருக்கைகள் நிரம்பின என்பது ஒருவரிச் செய்தி, அதனையும் எழுதலாம். பாடல்களுள் சொந்தப் பாடல் எத்தனை, திரைப்பாடல் எத்தனை? சொந்தப் பாடல் தொடங்கியபோது எழுந்து வெளியே சென்றவர் எவர், உள்ளே வந்தவர் எவர்? பாடகர் பாடல்களின் இடையே அவையோடு பேசிய மொழி எது, பாடிய மொழி எது? இவ்விரண்டும் வேறாயின், எவ்விடத்தில் மாறின? பாடுவது 'ழ'கரத்தையும் 'ற'கரத்தையும் விட்டுவிட்ட குரலா, அன்றி வலிந்து பற்றிக்கொண்ட குரலா? கித்தாரின் இசைத்தொடர் ஆங்கிலப் பாட்டிலிருந்து வந்ததா, உறுமியின் நடையிலிருந்து வந்ததா? நிகழ்ச்சி முடிந்தபின் கருவிகளைத் தொட்டுப் பார்க்க மேடையருகே வந்த சிறுவர் உண்டா? உறுமிக் குழுவிலிருந்து வந்தவர் எவரேனும் அவையில் இருந்தனரா?

இவ்வினாக்களுக்கு விடை நாளிதழில் கிடைக்காது. ஒலிப்பதிவும் பெரும்பாலும் இராது. அறிவிப்புத் தாள் மறுநாளே சுவரிலிருந்து உரிந்துவிடும். தோட்டப்புறப் பாடல்களை ஒரு காலத்தில் நம் முன்னோர் தோட்டந்தோறும் சென்று தொகுத்ததைப் போன்று, இன்று ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லவேண்டிய இடங்களுள் இம்மண்டபங்களும் அடங்கும். தொகுத்தவற்றைத் தரம் பிரிப்பதும் நம் பணியே. அவற்றுள் பெரும்பகுதி பயிற்சி போதாததாகவும், சில ஆங்கிலப் பாடல்களின் நிழலாகவும் இருக்கக்கூடும். அவற்றை அவ்வாறே மதிப்பிடத் தயங்க வேண்டியதில்லை. இளைஞர் என்பதற்காகவோ தோட்டத்தார் என்பதற்காகவோ சலுகை மதிப்பெண் வழங்கினால், திரைப்பாடலை அப்படியே இசைத்தவருக்கு நாம் முன்பு வழங்கிய கைதட்டலிலிருந்து அது வேறுபட்டதாகாது.